மூன்றாம் பக்கத்தில் ஹலிதி

ஹலிதி மௌலிதா கடலில் மூழ்கிச் செத்துப்போனார் என்று நான் பாட்டில் கேட்ட அன்று காலையில்தான் அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "சூப் குடித்தேன். உப்பு இல்லை." அவ்வளவுதான் செய்தி.

அப்போது நான் லியோனில் இருந்தேன். மகள் வீடு மாறுகிறாள் என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போய், தட்டுகளைப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டிருந்தேன். மகள் மார்செய்யில் வளர்ந்தவள். லியோனுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியும் வீட்டில் மார்செய் ராப்தான் ஓடும். பாரிஸ்காரர்கள் பாட்டைப் போட்டால், "தொண்டையில முள்ளு மாட்டினவன் மாதிரி பாடுறான்மா" என்று நிறுத்திவிடுவாள்.

"அம்மா, இது உங்க சென்டர் நஜிம்தானே? வெள்ளிக்கிழமை வந்த பாட்டு. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

நஜிமுக்கு மேடைப் பெயர் ஒன்று உண்டு. எனக்கு அவன் நஜிம்தான். மூக்கு ஒழுக ஒழுக என் மேஜை முன்னால் நின்று மிட்டாய் கேட்டவனை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வாய் வராது. பாட்டு நன்றாகவே இருந்தது. கடைசியில், இவர்கள் எல்லோரும் செய்வதுபோல, பெயர்கள் சொல்ல ஆரம்பித்தான். எங்கள் குடியிருப்பின் பிளாக்குகள், தோழர்கள், ஜெயிலில் இருப்பவர்கள், பிறகு செத்துப்போனவர்கள். அந்தக் கடைசி வரிசையின் முடிவில் குரல் உடைந்து சொன்னான்:

"ஹலிதி மாமா, உன் ரூமுல விளக்கு எரியுது, நீ கடல்ல தூங்கு."

கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது. மகளுடைய கல்யாணத் தட்டு. அதற்கும் சேர்த்துத்தான் ஹலிதியிடம் நான் பிறகு சண்டை போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் காரைக்காலில் பிறந்தவள். பிரான்ஸுக்கு, இந்த மார்செய்க்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் இருபத்தாறு வருஷம் நகரின் வடக்கே அத்திமரக் குடியிருப்பின் சமூகக்கூடத்தில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். குடும்பப்படி விண்ணப்பம், பள்ளிக்கூடச் சீட்டு, வீட்டு வாடகைக் கடிதம் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். என் மேஜைக்கு நேர் கீழே, நிலவறையில், ஹலிதியின் ஸ்டுடியோ.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் அறை அது. ஹலிதிக்கு அந்த வேலையே இல்லை. விளக்கு மாற்ற, கதவு பழுது பார்க்க, குப்பைத்தொட்டி இழுக்கத்தான் அவரை வைத்தார்கள். அதற்கு முன் துறைமுகத்தில் கப்பல் அடிப்பாகம் சுரண்டினார், அதற்கும் முன் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். இருபத்துநான்கு வயதில் கொமோர் தீவுகளிலிருந்து வந்தவர். அதிலும் மொஹேலி, அந்தத் தீவுகளிலேயே சின்னது. கல்யாணம் ஒன்று ஆயிற்று, தங்கவில்லை. எச் பிளாக்கை இடித்தபோது பதினான்கு கதவுகளைத் தோளில் சுமந்து வந்து, தொழுகைக்கூடத்தில் தூக்கிப் போட்ட பழைய கம்பளங்களை அவற்றின்மேல் அடித்து, பாடுகிறவன் நிற்க ஒரு சின்னக் கூண்டு கட்டினார். கூண்டின் கதவில் இன்னும் 41 என்ற எண் இருக்கிறது. அந்த வீட்டில் இருந்த குடும்பம் எப்போதாவது வந்தால் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்.

வேடிக்கை என்னவென்றால் அவருக்கு ராப் பிடிக்காது. வயலினும் அக்கார்டியனும் வைத்துத் தீவுக்காரர்கள் கல்யாணங்களில் பாடுவார்களே, அதுதான் அவருக்குப் பாட்டு. "இவனுங்க பாடல மதாம், தந்தி அடிக்கிறானுங்க" என்பார். ஆனாலும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவு திறந்துவிடும். எட்டு மணிக்குச் சாத்திவிடுவார். இடையில் யார் எந்த வரியை எத்தனை தடவை தப்பாகச் சொன்னார்கள் என்று அவரைக் கேட்டால் தெரியும். அடுத்தவன் தாயை இழுக்கும் வசவு கூண்டுக்குள் போகக் கூடாது, அது ஒரு சட்டம். பையன்கள் அவரைப் பின்னால் 'கிழட்டு ஜெயிலர்' என்றார்கள். முன்னால் மாமா.

இன்னொரு சட்டமும் உண்டு. அதுதான் அவரை இந்தப் பக்கத்தில் பெரிய ஆளாக்கியது. பெயர்களை முதலில் பதிவு செய்ய வேண்டும்.

பல வருஷத்துக்கு முன் ஒரு பையன் தன் பாட்டின் முடிவில் ஏ பிளாக்கிலிருந்து ஜி பிளாக் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எஃப் பிளாக்கை மட்டும் விட்டுவிட்டான். வேண்டுமென்று இல்லை, நேரமாகிவிட்டதே என்ற அவசரம். மறுநாள் எஃப் பிளாக்கிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஸ்பீக்கர் இரண்டு, நாற்காலி ஐந்து, பல் ஒன்று போயிற்று. அன்று சாயங்காலமே ஹலிதி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தார். முதல் பக்கத்தில் இருப்பவர்கள், இரண்டாம் பக்கத்தில் உள்ளே இருப்பவர்கள், மூன்றாம் பக்கத்தில் போனவர்கள். பாட வருகிறவன் முதலில் கூண்டுக்குள் நின்று பெயர்களைச் சொல்லி முடிக்க வேண்டும். ஹலிதி வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பார். ஒருவன் ஜெயிலிலிருந்து வெளியே வந்தால் இரண்டாம் பக்கத்தில் அடித்து முதல் பக்கத்தில் எழுதுவார். அந்த நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் பிள்ளைக்கே வேலை கிடைத்ததுபோல் இருக்கும். அதன்பிறகு பெயர் விட்டுப்போனதென்று எங்கள் குடியிருப்பில் ஒரு சண்டை கிடையாது.

சரி, அப்படிப்பட்டவர் எப்படி மூன்றாம் பக்கத்துக்குப் போனார்? அவருடைய பொய்யால்தான். அதில் எனக்கும் பங்கு உண்டு.

வசந்தகாலத்திலிருந்தே அவர் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. சோறு விழுங்கும்போது கண்ணை மூடுவார். நான் நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குரல்வளையில் ஏதோ வளர்ந்திருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்னவென்று தெரியும் என்றார்கள். கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியக் கூடாது மதாம். சத்தியம் பண்ணுங்க."

"ஏன்? கொலையா பண்ணிட்டீங்க?"

"பாவம்னு பாப்பானுங்க. அப்புறம் எவன் என் பேச்சைக் கேப்பான்?"

சத்தியம் செய்தேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் குடியிருப்பு முழுக்க, மொஹேலியில் அப்பா வீட்டுக் கூரை பறந்துவிட்டது, போய்ச் சரிசெய்துவிட்டு ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொன்னார். அந்த வீட்டில் ஆள் யாரும் இல்லை, கேட்டுப் பார்க்கவும் வழியில்லை என்று கணக்குப் போட்டார். மார்செய்க்கு வெளியே, இஸ்த்ர் என்ற ஊரில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வீடு காலியாகக் கிடந்தது. தம்பி கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். சிகிச்சை முடிந்து அங்கே ஒளிந்துகொள்வது என்று திட்டம். தன் போனை அணைத்துவிட்டு, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பழைய போனை வைத்துக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த அந்த மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். தீவுக்குப் போகிறேன் என்று சொன்னவனை இங்கே யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். செய்தி பரவிய மூன்றாம் நாள் அவர் வாசலில் பதினொரு பொட்டலம் வந்துவிட்டது. அக்காவுக்குச் செருப்பு, மருமகனுக்குப் பந்து, சித்திக்கு வாசனைத் தைலம். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சிரித்த முகமாக வாங்கி, பதினொன்றையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு இஸ்த்ருக்குப் போனார். அதில் ஒன்று நஜிமின் அம்மா ஸாலியாத்தா தன் தங்கைக்குக் கொடுத்த மூக்குக்கண்ணாடி.

தங்கை அங்கே காத்திருந்தாள். கண்ணாடி வரவில்லை. அந்த வாரம்தான், விமானம் வந்து இறங்கும் பெரிய தீவிலிருந்து மொஹேலிக்குப் போன படகு ஒன்று கவிழ்ந்தது. அந்தப் படகுகளில் ஏறுகிறவர்கள் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. எத்தனை பேர் போனார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. தங்கை ஸாலியாத்தாவுக்குப் போன் செய்தாள். மற்றப் பத்துப் பொட்டலக்காரர்களும் போன் செய்தார்கள். எங்கேயும் ஹலிதி போய்ச் சேரவில்லை. அவர் போன் அணைந்து கிடந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஹலிதி கடலில் போய்விட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் ஊரில் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நான் லியோனில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தேன். நிலவறைக் கதவின் முன்னால் பூ, மெழுகுவத்தி, பாதி குடித்த ஆரஞ்சு சோடா. அவருக்கு அந்த சோடா பிடிக்கும். சுவரில் ஒரு பையன் ஸ்ப்ரே பெயிண்டால் அவர் பெயரை ஆளுயரத்துக்கு எழுதியிருந்தான். கூடத்துச் சுவரில் அனுமதியில்லாமல் எழுதினதற்காக அதே பையனைப் போன வருஷம் காதைத் திருகி இழுத்து வந்தவர் ஹலிதி. அவரை 'கிழட்டு ஜெயிலர்' என்ற வாய்களெல்லாம் இப்போது 'எங்களுக்கு அப்பா மாதிரி' என்றன. மனுஷனுக்கு நல்ல பேர் வேண்டுமென்றால் செத்துத்தான் தொலைய வேண்டும் போலிருக்கிறது.

நஜிம் ஒரு டி-ஷர்ட்டை விரித்துக் காட்டினான். சனிக்கிழமை எல்லோரும் போட்டுக்கொண்டு பிளாக்குகளுக்கு நடுவில் நின்று வீடியோ எடுக்கப் போகிறார்களாம். வெள்ளை டி-ஷர்ட்டில் ஹலிதியின் முகம். கூடத்து அடையாள அட்டையில் இருந்த படம்தான், அதில் ஒரு கண் பாதி மூடியிருக்கும். பெரிதாக்கியதில் அது இன்னும் மூடிவிட்டது.

"அத்தை, வேற நல்ல படம் உங்ககிட்ட இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இருபத்துநான்கு வயது ஆம்பிளை, என் மேஜைமேல் தலையை வைத்து அழுதான். "போறதுக்கு முன்னாடி நாள் அவர்கூட சண்ட போட்டேன் அத்தை. ரெண்டாவது வெர்ஸ் சோம்பேறித்தனமா இருக்குன்னாரு. உனக்கு என்னய்யா தெரியும், நீ விளக்கு மாத்துறவன்னு சொல்லிட்டேன். அதான் கடைசி வார்த்த."

என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அன்று ஸாலியாத்தாவும் வந்தாள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஹலிதிக்காக ஊர்ச் சாப்பாடு, முன்னூறு பேருக்கு மரவள்ளி இலை இடிக்க ஆள் வேண்டும், நீயும் வா என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். உயிரோடு இருக்கிற மனுஷனின் கருமாதிக்கு இலை இடிக்க ஒப்புக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ரயிலேறி இஸ்த்ருக்குப் போனேன். கதவைத் திறந்தவர் பாதி ஆளாக இருந்தார். கட்டியை எடுத்த டாக்டரம்மா, வியாழக்கிழமை சோதனை முடிவு சொல்லும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால், கையில் ஒரு சிறு நோட்டும் பேனாவும். அறை முழுக்கப் பொட்டலங்கள். நடுவில் மெத்தை. பொட்டலங்களுக்குக் காவல் போட்டதுபோல் இருந்தது.

நான் போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன். பழக்கதோஷம், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டார். இரண்டாம் பத்தி வந்ததும் விரலை ஆட்டினார். 'இன்னும் சோம்பேறித்தனம்தான்' என்று எழுதிக் காட்டினார். பிறகு பெயர்கள் வந்தன. அவர் விரல் மடியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு தட்டியது, நோட்டு இருப்பதுபோலவே. கடைசிப் பெயர் வந்தபோது விரல் நின்றுவிட்டது.

பேனாவை எடுத்து எழுதினார்: 'மூணாம் பக்கமா?'

"ஆமா. உங்க பொய்யோட லட்சணம்."

நடந்ததெல்லாம் சொன்னேன். கண்ணாடி, படகு, டி-ஷர்ட். திட்டிக்கொண்டேதான் சொன்னேன். தட்டு உடைந்ததையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினார்:

'அப்படின்னா சாவு வந்திருச்சு. அவனுங்க வாய்ல வந்திருச்சு. வியாழக்கிழமை டாக்டர் வாய்ல வரும்.'

எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை. "எங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? செத்துட்டான்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க."

'உங்க ஊர்ல டாக்டர் சொன்னாரா, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளா?'

"கிண்டல் பண்ற தெம்பு இருக்குல்ல? எழுந்திருங்க. இப்பவே போன் பண்றேன். நஜிம் அங்க அழுதே சாகுறான்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'வியாழன் வரை விடுங்க. நல்ல சேதின்னா நானே போய்த் திருத்துறேன். கெட்ட சேதின்னா எதுக்கு ரெண்டு தடவ அழ வைக்கணும்? பாட்டு அப்படியே இருக்கட்டும்.'

அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். அவருக்கு முன்னால் அழக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் போயிற்று. உப்பில்லாத சூப்பைத் தூக்கிக் கொட்டிவிட்டு, மீன் வாங்கிவந்து முள் எடுத்து, உப்பும் மிளகும் போட்டு ஒரு கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுக் கடைசி ரயிலில் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இருவர் மட்டும். எதிர் பெஞ்சில் ஒரு பெண் காதில் கருவி மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டாள். கசிந்துவந்த தாளத்தை வைத்தே நஜிமின் பாட்டு என்று தெரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாட்டு கடைசிப் பெயருக்கு வரும் முன் செவிலி வந்து கூப்பிட்டாள்.

டாக்டரம்மா இளம்பெண். காகிதத்தைப் பார்க்காமலே பேசினாள். பார்க்காமல் பேசினால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"கெட்டது ஒண்ணும் இல்ல, மிஸ்யே. சாதாரண கட்டிதான், முழுசா எடுத்தாச்சு. குரலை ரொம்ப வருத்துறவங்களுக்கு வரும். நீங்க பாடகரா?"

ஹலிதி நோட்டைத் தேடினார். டாக்டரம்மா சிரித்து, இனிமேல் பேசலாம், கத்தத்தான் கூடாது என்றாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"பாடகர் இல்லம்மா," என்று நான்தான் பதில் சொன்னேன். "பாடுறவங்களப் பாத்து இருபத்தஞ்சு வருஷமா கத்துறவரு."

வெளியே வந்ததும் ஹலிதி சுவரில் சாய்ந்து நின்று மூச்சை இழுத்து விட்டார். இரண்டு வாரமாக மூடிக் கிடந்த தொண்டையிலிருந்து, துருப்பிடித்த தாழ்ப்பாள் திறப்பதுபோல, முதல் சொல் வந்தது.

"மணி என்ன?"

"பன்னண்டே கால்."

"ரெண்டு மணிக்கு ரூம் தொறக்கணும்."

பஸ்ஸில் போனோம். குடியிருப்பின் கடைசி நிறுத்தத்தில் அவர் இறங்கினதும் முதலில் பார்த்தது ரொட்டிக் கடைக்காரன். கையிலிருந்த ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் ஓடிவிட்டான். ஏ பிளாக் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களில் ஒருவன் எழுந்தான், ஒருவன் எழ முடியாமல் இருந்தான். யாரோ மேல்மாடியிலிருந்து அல்லாவைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஹலிதி மட்டும் யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, நேரமாகிவிட்ட வேலைக்காரன்போல நடந்தார். அவருக்கு வெட்கம். எனக்கும்தான்.

நிலவறை வாசலில் நஜிம் மெழுகுவத்தி மாற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டில் ஒரு ஹலிதி, எதிரே இன்னொரு ஹலிதி. தீப்பெட்டியைக் கீழே போட்டான்.

"யாரக் கேட்டுடா என்ன மூணாம் பக்கத்துல போட்ட?" என்றார் ஹலிதி, அந்தக் கரகரத்த குரலில்.

"மாமா..."

"படமாவது நல்லதா போடக் கூடாது? ஒரு கண்ணு தூங்குது."

நஜிம் அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. தள்ளினான். இரண்டு கையாலும் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினான். அவர் பின்னால் சாய்ந்ததும், விழுந்துவிடப் போகிறார் என்று பயந்து அவனே இழுத்துப் பிடித்துக்கொண்டான். "எங்கய்யா போன நீ? எங்க போன?" என்று அவர் தோளில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் குடியிருப்பே படிக்கட்டில் நின்றது.

ஹலிதி சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும், ஆஸ்பத்திரி, கட்டி, இஸ்த்ர், பொட்டலம், எல்லாம். அவர் சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள், யாரோ வைதார்கள், பதினொரு பேர் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டார்கள். என்னைப் பார்த்து, "லூர்து அத்தை, உங்களுக்குத் தெரியுமா?" என்று நஜிம் கேட்டான். தெரியும் என்றேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

பாட்டை எடுத்துவிடுகிறேன் என்றான். ஹலிதி கேட்கவில்லை. "பெயரை மட்டும் திரும்பச் சொல்லு, ரெண்டாவது பத்தியையும் திரும்ப எழுது" என்றார். அன்று அந்தக் கூண்டுக்குள் நஜிம் நின்று பெயர்களை முதலிலிருந்து சொன்னான். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வெளியே நெருக்கியடித்து நின்றோம். ஹலிதி எப்போதும்போல நோட்டில் விரல் வைத்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் அவர் பெயர் கிடையாது. காவலாளி தன்னையே எழுதிக்கொள்வாரா? நஜிம் அதை எஃப் பிளாக்குக்கும் ஜி பிளாக்குக்கும் நடுவில் செருகினான். "இதோ எதிர்ல உக்காந்து முறைக்கிறாரு, ஹலிதி மாமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டான். சிரிப்பு பதிவாகிவிட்டது. இன்னொரு தடவை சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று ஹலிதி கையாட்டினார்.

மேலே கூடத்தில் ஸாலியாத்தா காத்திருந்தாள். மறுநாள் கருமாதிக்கு ஊறவைத்ததும் இடித்ததும் வீணாகக் கூடாதே. தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளி இலையும் சோறும் ஒரு தட்டில் போட்டு ஹலிதி முன்னால் வைத்தாள்.

"தின்னு. உனக்குன்னு செஞ்சதுதான்."

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். கண்ணை மூடவில்லை. விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாய் எடுத்தார். ஸாலியாத்தா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி கண்ணாடிய விடு. நாளைக்கு வேற யாராவது போவாங்க. நீ ஏன்டா ஆஸ்பத்திரிக்குத் தனியா போன?"

"மதாம் வந்தாங்க."

"அவ ஒருத்தி. நாங்க இருபது பேரு அந்த பெஞ்சுல வந்து உக்காந்திருக்க மாட்டோமா? சத்தம் போடுறாங்கன்னு நர்ஸு தொரத்தியிருப்பா. தொரத்தட்டுமே."

ஹலிதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அதுக்குத்தான் சொல்லல," என்றார். "இருபது பேரு முன்னாடி எப்படி அழுறது?"

"இப்ப எத்தன பேரு இருக்கோம்? எண்ணிக்க. அழு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கூடம் நிறைய ஆட்கள், பாதிப் பேர் அவருடைய பாதி மூடிய கண்ணை நெஞ்சில் போட்டுக்கொண்டு நின்றார்கள். வாயில் சோற்றோடு அழுதார். சின்னப் பிள்ளைபோல, சத்தமாக, அந்தப் புதுத் தொண்டையைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் அழுதார். டாக்டரம்மா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, யாரும் சமாதானம் சொல்லவும் போகவில்லை. அழுகை அடங்கும் முன்னாலேயே தட்டை ஸாலியாத்தா பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.